வாளிச் செடி வாடினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு மாடியில் 11 தக்காளிச் செடிகள் ஒரே வாரத்தில் செத்துப்போயின. பூத்துப் பிஞ்சு விட்டிருந்த செடிகள். மழை நின்ற மறுநாள் வெயில் அடித்ததும் இலைகள் துவண்டு தொங்கின. செடி வாடுகிறதே என்று பதறி, ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் இன்னும் வாடியது. இன்னொரு செம்பு ஊற்றினேன். நான்காம் நாள் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், வேரெல்லாம் பழுப்பாகிக் கொழகொழவென்று இருந்தது. மண்ணில் சாக்கடை வாடை அடித்தது. செடி தாகத்தில் சாகவில்லை, நான்தான் அதைத் தண்ணீரில் மூழ்கடித்திருக்கிறேன்.

வாளி, மண், எரு, நாற்று என்று அதற்குச் செலவானது 1,800 ரூபாய்க்கு மேல். காய்கறிச் செலவைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று தொடங்கிய வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. நம் தெருக்களில் மாடித் தோட்டம் போட்டுக் கைவிட்டவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் இதே கதைதான். “நமக்குக் கைராசி இல்லை லாத்தா” என்று முடித்துவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வாளிக்குள் தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரியாததுதான் காரணம். அதைத் தெரிந்துகொண்ட பிறகு, அல்ஹம்துலில்லாஹ், அதே வாளிகளில் கத்தரியும் மிளகாயும் கீரையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தரையில் நிற்கும் செடிக்குக் கீழே பூமி முழுக்க இருக்கிறது. மழைத் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே போகும். அது இறங்க இறங்க, மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் மேலிருந்து காற்று புகும். வேருக்கு அந்தக் காற்று வேண்டும். இலை மட்டும்தான் சுவாசிக்கிறது என்று நினைக்கிறோம், வேரும் சுவாசிக்கிறது. காற்றில்லாமல் திணறும் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீரில் நிற்கும் செடியும், தண்ணீரே காணாத செடியும் பார்வைக்கு ஒரே மாதிரி வாடுகின்றன. இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறவர் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான்.

வாளிக்கோ அடி உண்டு. இறங்கி வரும் தண்ணீர் அங்கே நின்றுவிடும். ஓட்டை போட்டிருந்தாலும் கொஞ்சம் நிற்கத்தான் செய்யும். நம்பிக்கை வராவிட்டால் பாத்திரம் விளக்கும் நீள்சதுர ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் முக்கி, பிழியாமல், விரல் நுனிகளால் படுக்கை வாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். சொட்டுவது நின்றபின் அதே ஸ்பாஞ்சை நட்டமாக நிமிர்த்துங்கள். மறுபடி தண்ணீர் சொட்டும். ஸ்பாஞ்சு மாறவில்லை, தண்ணீரும் புதிதாக வரவில்லை. உயரம் கூடியதும், அது பிடித்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு பகுதி இறங்கிவிட்டது. மண்ணும் அப்படித்தான். அடியில் சில அங்குலம் எப்போதும் ஊறிப்போய் நிற்கும். உயரமான வாளியில் அதற்கு மேலே வேர் மூச்சுவிட இடம் மிச்சமிருக்கும். தாழ்வான பேசினில் அதே மண்ணைப் போட்டால் மேலிருந்து கீழ்வரை சேறுதான்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். தொட்டியின் அடியில் கல், ஜல்லி, உடைந்த ஓடு போட்டு மேலே மண் நிரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். என் உம்மாவும் அப்படித்தான் செய்வார்கள். உண்மையில் அதனால் பயன் இல்லை. மண்ணில் உள்ள தண்ணீர் சட்டென்று கல்லுக்குள் இறங்காது. கல்லுக்கு மேலேயே தேங்கி நிற்கும். ஈரமான பகுதியை நாம் வேருக்குப் பக்கத்தில் தூக்கி வைத்தது போல ஆகிவிடும். மண் வெளியே ஓடாமல் இருக்க ஓட்டை மேல் ஒரு துண்டு ஓடோ, கொஞ்சம் தேங்காய் நாரோ, கிழிந்த கொசுவலைத் துண்டோ போதும். மீதி இடம் முழுவதும் மண்ணுக்கே இருக்கட்டும்.

ஓட்டையும் வாளியும்

பெயிண்ட் வாளி, எண்ணெய் டின், 25 கிலோ அரிசிச் சாக்கு, மீன் வரும் தெர்மோகோல் பெட்டி என்று எது கிடைத்தாலும் ஆகும். புதுத் தொட்டிக்குப் பணம் போட வேண்டியதில்லை. மீன் பெட்டியில் உப்பு ஏறியிருக்கும், இரண்டு மூன்று தடவை நன்றாகக் கழுவிவிடுங்கள். அரிசிச் சாக்கு வெயிலில் ஒரு வருடத்துக்குள் உளுத்துக் கிழிந்துவிடும் என்பதால் கீரைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு ஒரு செடிக்கு 15 அல்லது 20 லிட்டர் வாளி ஒன்று. நம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 10 லிட்டரும் போதுமானதாக இருந்தது. அரைக்கீரை, தண்டுக்கீரை, புதினாவுக்கு ஒரு சாண் ஆழம் இருந்தால் சரி.

20 லிட்டர் வாளிக்கு ஐந்தாறு ஓட்டை வேண்டும், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுழையும் அளவில். பழைய ஸ்க்ரூ டிரைவரைச் சூடாக்கிக் குத்தினால் சுலபம். புகை ஆகாது என்பதால் வெளியில் வைத்துச் செய்யுங்கள். பிள்ளைகள் கிட்டே வர வேண்டாம். நான் செய்த தவறு, எல்லா ஓட்டையையும் அடிப்பாகத்திலேயே போட்டது. வாளி சிமெண்டுத் தளத்தில் ஒட்டி உட்கார்ந்ததும் அத்தனையும் அடைபட்டன. இரண்டு ஓட்டையைப் பக்கவாட்டில், அடியிலிருந்து விரற்கடை உயரத்தில் போடுங்கள். வாளியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். என் 11 தக்காளியைக் காப்பாற்ற அந்த 22 செங்கல் போதுமாக இருந்திருக்கும்.

மண் கலவை

வெறும் செம்மண்ணை வாளியில் போட்டால் முதல் மாதம் நன்றாக இருக்கும். அப்புறம் ஊற்றிய தண்ணீரிலேயே அமுங்கி இறுகிவிடும். காய்ந்தால் ஓரத்தில் விரிசல் விடும். ஊற்றுகிற தண்ணீர் அந்த விரிசல் வழியாக நேரே அடிக்கு ஓடிவிடும். “தண்ணீர் கீழே வந்துவிட்டது, நனைந்துவிட்டது” என்று நாம் நினைப்போம். நடுவில் மண் உலர்ந்தே கிடக்கும். கண்மாய்க் களிமண் இதைவிட மோசம். களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு. சிறிதளவு மணல் சேர்த்த களிமண் செங்கல் போல இறுகும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் அள்ளுகிற வெறும் மணலோ, ஊற்றியதை உடனே விட்டுவிடும்.

நான் இப்போது வைத்திருக்கும் அளவு ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய எரு, ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு. கடைகளில் கோகோபிட் என்று கட்டியாக விற்பதுதான் அது. 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் ஏறத்தாழ 65 முதல் 75 லிட்டர் வரும். பத்து 20 லிட்டர் வாளிக்கு ஒரு கட்டி போதும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு மூட்டை எருவும் இரண்டு கட்டியும் வாங்கிப் பிரித்துக்கொண்டால் செலவு இன்னும் குறையும்.

நார்க்கழிவில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அதில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழிந்துதான் பயன்படுத்த வேண்டும். மழைக்காலத்தில் இதைச் செய்தால் தண்ணீருக்குக் காசு இல்லை. இரண்டாவது, அதில் செடிக்குச் சத்து அதிகம் கிடையாது. எருவைக் குறைத்து நார்க்கழிவைக் கூட்டினால் இலை மஞ்சளாகிவிடும். எரு என்றால் மக்கிய எரு. கைப்பிடி எடுத்தால் சாண வாடை வராமல் மண் வாசனை வர வேண்டும். பச்சை ஆட்டுப் புழுக்கையை அப்படியே போட்டு நாற்றைக் கருக்கியவர்கள் உண்டு.

எருவை வீட்டிலேயும் செய்துகொள்ளலாம். ஓட்டை போட்ட ஒரு பழைய வாளியில் காய்கறித் தோல் ஒரு பங்கு, காய்ந்த இலைச் சருகு இரண்டு பங்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு மூடி வைத்து, வாரம் ஒரு முறை கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் ஆகிவிடும். மீந்த ஆணம், பிரியாணி, எலும்பு இதில் வேண்டாம். எண்ணெயும் உப்பும் கெடுத்துவிடும், எலியும் வரும். தோட்டக்கலைத் துறையில் மாடித் தோட்டத்துக்கு மானிய விலையில் பை, நார்க்கழிவு, விதை சேர்த்துத் தருவது உண்டு. நம் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இப்போது இருப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்த பிறகு கடைக்குப் போங்கள்.

உப்புத் தண்ணீர் ஊரில் தோட்டம்

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். நம் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கு என்று தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. போர் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். வாங்கிய தண்ணீரைச் செடிக்கு ஊற்ற மனம் வராது, வரவும் கூடாது. உப்புத் தண்ணீரை ஊற்றினால், தண்ணீரைச் செடி குடித்துவிடும், வெயில் உறிஞ்சிவிடும், உப்பு மட்டும் வாளியிலேயே தங்கிவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து மண் மேல் வெள்ளை பூத்த மாதிரி படியும். இலையின் ஓரம் தீய்ந்தது போலக் கருகும். இதைப் பார்த்து நோய் என்று மருந்து அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மருந்துக் காசும் போச்சு.

நாளுக்கு அரைச் செம்பு என்று ஊற்றுவது உப்புத் தண்ணீரில் செய்யும் பெரிய தவறு. மேல் மண் மட்டும் நனைந்து காயும், உப்பு வேரைச் சுற்றியே நிற்கும். அதைவிட, மண் காயும்வரை பொறுத்திருந்து, ஊற்றும்போது அடி ஓட்டையில் கொஞ்சம் வடியும் அளவுக்கு முழுதாக ஊற்றுவது மேல். வடிகிற தண்ணீர் உப்பையும் கூட்டிக்கொண்டு போகும். வடிந்ததைக் கீழே ஒரு தட்டில் பிடித்து அதே செடிக்கு மறுபடி ஊற்றக் கூடாது. சிக்கனம் என்று நானும் சில நாள் அப்படிச் செய்தேன். வெளியேறிய உப்பைத் திரும்பக் கொடுப்பதுதான் அது.

நம்மிடம் காசில்லாமல் கிடைக்கும் நல்ல தண்ணீரும் உண்டு. ஏ.சி. பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது. கோடையில் ஓர் இரவில் எவ்வளவு சேர்கிறது என்று ஒரு வாளி வைத்துப் பாருங்கள். அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீர், உப்புப் போடாதவரை நல்லது. அன்றன்றைக்கே ஊற்றிவிட வேண்டும். நல்ல தண்ணீரில் ஒளூச் செய்யும் வீடுகளில் குழாய்க்குக் கீழே ஒரு பேசின் வைத்தால் ஐந்து வக்துக்கும் சேர்ந்து நாலைந்து செடிக்குத் தாராளமாகக் காணும். சோப்புத் தண்ணீர் அதில் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு நேர்மாறானது ஆர்.ஓ. மெஷினில் கழிவாக வருகிற தண்ணீர். வீணாகிறதே என்று பலரும் செடிக்கு ஊற்றுகிறார்கள். குடிதண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. அது தரை துடைக்க ஆகும், வாளிச் செடிக்கு ஆகாது.

உப்புத் தண்ணீரைத் தவிர வழியே இல்லாத வீடுகளில் வெங்காயம், கேரட், பீன்ஸ் பக்கம் போகாதீர்கள். அவை கொஞ்சம் உப்பையும் தாங்காது. தண்டுக்கீரை, அரைக்கீரை, பீட்ரூட் ஓரளவு தாங்கும். கத்தரி, மிளகாய், தக்காளி நடுத்தரம்.

வருடம் முழுவதும் சேர்ந்த உப்பைக் கழுவ நமக்குக் கிடைக்கும் ஒரே இலவச ஆள் ஐப்பசி, கார்த்திகை மழைதான். ஓட்டை சரியாக இருக்கும் வாளியில் அந்த மழை உப்பையெல்லாம் இறக்கிவிடும். அடைபட்ட வாளியில் அதே மழை செடியைக் கொன்றுவிடும். கனமழை போனபின் ஒவ்வொரு வாளிக்கும் இரண்டு கைப்பிடி எரு போடுங்கள். உப்போடு சத்தும் கொஞ்சம் கரைந்து போயிருக்கும்.

எப்போது ஊற்றுவது

விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் பட்டால் ஊற்ற வேண்டாம். மேல்மண்ணின் நிறத்தை நம்ப முடியாது. நார்க்கழிவு கலந்த மண் மேலே வெளுத்துக் காய்ந்து கிடக்கும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். சிறிய வாளியாக இருந்தால் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். ஊற்றிய அன்று ஒரு தடவையும், காய்ந்த அன்று ஒரு தடவையும் தூக்கிப் பார்த்துக் கைக்குப் பழக்கிக்கொண்டால் போதும்.

சித்திரை, வைகாசியில் பகல் இரண்டு மணிக்கு எல்லாச் செடியும் கொஞ்சம் துவளும். அஸருக்குப் பிறகு தானே நிமிர்ந்தால் அது தாகம் இல்லை, சூடு. காலையில் எழும்போதே துவண்டிருந்தால்தான் விசாரிக்க வேண்டும். விரல் விட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் வாளியை ஓர் ஓரமாகச் சாய்த்து இரண்டு மணி நேரம் வையுங்கள், அடி ஓட்டைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள், இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்துத் தண்ணீரை நிறுத்துங்கள். வேர் முழுக்க அழுகாத செடி பிழைத்துக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ்.

கோடையில் தண்ணீரை மிச்சம் பிடிக்க மூடாக்குதான் வழி. காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டையின் நார் எது கிடைத்தாலும் மண் மேல் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள். கறுப்பு வாளிக்கு வெளியே சுண்ணாம்பு அடித்தாலோ வெள்ளைச் சாக்கைச் சுற்றினாலோ வேர் வேகாது. வாளிகளை நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழல். மூடாக்குக்கு இன்னொரு லாபம் உண்டு. காய்ந்த மண் தெரிந்தால் தெருப் பூனைகள் அதைக் கழிப்பறை ஆக்கிவிடும். மட்டை நார் பரப்பிய வாளிப் பக்கம் அவை வருவதில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 20 லிட்டர் வாளியில் வெறும் செம்மண் நனைந்து நின்றால் 35 கிலோவைத் தாண்டிவிடும். நார்க்கழிவு கலந்தால் கணிசமாகக் குறையும். பாரத்தைச் சுவரோரமாக, பீம் போகிற இடத்தில் வையுங்கள், நடுத் தளத்தில் வேண்டாம். மர உத்திரம் போட்டுச் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மட்டப்பா வீடுகளில் மாடியை விட்டுவிட்டு முற்றத்திலோ வாசல் திண்ணையிலோ வைத்துக்கொள்வதே பத்திரம்.

வீட்டுக்காரர்கள் தோட்டம் வேண்டாம் என்பது பெரும்பாலும் ஒழுகலுக்குப் பயந்துதான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. செங்கல் மேல் வைத்தால் வாளிக்கு அடியில் காற்றோடித் தளம் காயும், சருகு அடைந்த தண்ணீர்க் குழாய் வாயும் கண்ணுக்குத் தெரியும். இதைக் காட்டிப் பேசினால் பலர் சம்மதிக்கிறார்கள். வாளிக்கு அடியில் தட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் வாரம் ஒரு முறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அந்த அளவு தண்ணீரிலேயே முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும் கொசுவாகிவிடும்.

கல்யாணத்துக்கோ உம்ராவுக்கோ வெளியூர் போகும்போது செடியை யாரிடமும் ஒப்படைக்க முடியாவிட்டால் பழைய பருத்திக் கைலியை இரண்டு விரல் அகலத்தில் கிழித்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை மண்ணுக்குள் நான்கு விரல் ஆழம் புதைத்து, மறு முனையைப் பக்கத்தில் கொஞ்சம் உயரத்தில் வைத்த மூடிய தண்ணீர் வாளியின் அடிவரை விட்டால், துணி வழியாகத் தண்ணீர் மெல்ல ஏறி வந்துகொண்டிருக்கும். பாலியஸ்டர் கைலி சரிப்படாது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வைத்து, விரல் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செடி காய்த்து ஓய்ந்தபின் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். தார்ப்பாயில் பரப்பி, வேரைப் பொறுக்கி எடுத்து, கட்டியை உடைத்து, பத்துப் பதினைந்து நாள் வெயிலில் காயவிட்டு, நாலில் ஒரு பங்கு புது எரு சேர்த்தால் அடுத்த பட்டத்துக்கு அதே மண் ஆகும். வாடல் நோயில் செத்த தக்காளியின் மண்ணில் மட்டும் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்காமல் கீரை தூவுங்கள். என் 11 வாளி மண்ணையும் அப்படிக் காயவைத்துத்தான் அந்த மாசியில் அரைக்கீரை போட்டேன்.